வாசகர் கேள்வி-பதில்: வாய்விட்டுப் படியுங்கள்

புத்தகக் காட்சி முடிந்த கையோடு வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. அதனால் இந்த இதழில் படிப்பது, எழுதுவது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் கதாசிரியர் இல்லை. மதுரையில் அச்சகங்களில் 36 ஆண்டுகள் புரூஃப் பார்த்தவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மேஜையில் உட்கார்ந்து கற்றதுதான்.

*

இந்த ஆண்டு 100 புத்தகம் படிப்பது என்று முடிவு செய்தேன். 37 முடித்துவிட்டேன். ஆனால் பத்தாவதாகப் படித்ததில் என்ன வந்தது என்று தோழி கேட்டபோது ஒன்றுமே சொல்ல வரவில்லை. என் ஞாபகத்தில் கோளாறா?
கல்லூரி மாணவி, திருவாரூர்

ஞாபகத்தில் ஒரு கோளாறும் இல்லை, கண்ணு. உன் கண் படித்திருக்கிறது, காது படிக்கவில்லை. அவ்வளவுதான்.

1980-ல், பத்தொன்பது வயதில், காப்பி வாசிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ஈய எழுத்துக் காலம். கம்பாசிட்டர் எழுத்தெழுத்தாகக் கோத்து, மை தடவி, ஒரு நீளத் தாளில் புரூஃப் எடுத்துக் கொடுப்பார். புரூஃப் பார்க்கும் ஐயா அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்காருவார். எதிரே நான், ஆசிரியர் எழுதிய மூலப் பிரதியோடு. நான் சத்தமாக வாசிக்க வேண்டும், அவர் சரிபார்ப்பார். சும்மா வாசித்தால் போதாது. 'கமா', 'புள்ளி', 'புது பாரா' என்று அதையும் சொல்ல வேண்டும். சந்தேகம் வரும் இடத்தில் 'ரெண்டு சுழி', 'மூணு சுழி', 'வல்லின ற' என்று நிறுத்திச் சொல்ல வேண்டும். நான் வேகமாகப் போனால் ஐயா பென்சிலால் மேஜையைத் தட்டுவார்.

அப்படி வாசித்தால் ஒரு நாளைக்கு இரண்டு ஃபாரம்தான் ஓடும். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆக 32 பக்கம். ஒரு நாவலுக்குப் பத்து நாள். சமயத்தில் எனக்குப் பிடிக்காத நூலாகவும் இருக்கும். ஆனால் அந்த நாற்காலியில் வாசித்த புத்தகங்களில் எந்த இடத்தில் யார் அழுதார்கள், எந்த வாக்கியம் அரைப்பக்கம் நீண்டது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பேருந்தில் புரட்டிய நூற்றுக்கணக்கான புத்தகங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை.

உனக்கு நான் சொல்வது இது. அந்த 37-ல் உனக்கு மிகவும் பிடித்த மூன்றை எடு. தினம் ராத்திரி ஒரே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படி. அறையில் மற்றவர்கள் இருந்தால் உதட்டை மட்டும் அசைத்தால்கூடப் போதும். அப்புறம், புத்தகத்தின் பெயரை நோட்டில் வரிசை போடுகிறாய் அல்லவா, அதற்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியத்தைக் கையால் எழுது. எழுதத் தகுந்த ஒரு வாக்கியமும் கிடைக்காத புத்தகத்தை எண்ணிக்கையில் சேர்க்காதே. ஆண்டு முடிவில் இருபது தேறினால், அந்த இருபதும் உன்னோடு இருக்கும்.

*

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். கடை அடைத்த பிறகு தினமும் படித்து எட்டு மாதம் ஆனது. இப்போது ராத்திரியில் என்ன செய்வது என்றே தெரியவில்லை. அடுத்து எந்தச் சரித்திர நாவல் படிக்கலாம்?
இருசக்கர வாகன மெக்கானிக், விருதுநகர்

கிரீஸ் படிந்த கையைக் கழுவிவிட்டு எட்டு மாதம் ஒரே கதையோடு இருந்திருக்கிறீர்கள் தம்பி. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அது 1950-ல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த கதை. அன்றைக்குப் படித்தவர்கள் மூன்றரை ஆண்டு அதோடு வாழ்ந்தார்கள். முடிந்ததும் வீட்டில் ஒருவர் ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்ததாக என் அம்மா சொல்வார். உங்களுக்கும் அதுதான்.

ஆனால் உடனே இன்னொரு சரித்திர நாவலைத் தேட வேண்டாம். அதே ருசியை எதிர்பார்த்து ஏமாந்து போவீர்கள். உங்கள் ஊர் மண் கரிசல். அந்த மண்ணுக்கு வந்து, காட்டை அழித்து, ஊர் கட்டிய மனிதர்களின் கதை கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976-ல் வந்தது. அதுவும் சரித்திரம்தான், ராஜா இல்லாத சரித்திரம். ஒரு கிழவி உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரி போகும். கல்கியிடம் உங்களுக்குப் பிடித்தது 'அப்புறம் என்ன?' என்ற இழுப்பு என்றால், அது இதிலும் உண்டு.

அது முடிந்தால் பூமணியின் 'வெக்கை'. 1982-ல் வெளியானது, சின்னப் புத்தகம். ஒரு கொலையைச் செய்துவிட்டுப் பதினைந்து வயதுப் பையன் அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். அதை வைத்து எடுத்த படத்தைப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, புத்தகத்தைப் படியுங்கள். அந்த அப்பனும் மகனும் காட்டில் கிடைத்ததைப் பொறுக்கிச் சமைத்துச் சாப்பிடும் இடங்களைப் படத்தில் பார்ப்பதும் எழுத்தில் படிப்பதும் ஒன்றில்லை. கரிசல் வெயில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்கு இந்தப் புத்தகம் என்னைவிட நன்றாகப் புரியும்.

*

பெரிய எழுத்தாளர் ஒருவரின் நாவல். எல்லாரும் கொண்டாடுகிறார்கள். 150 பக்கம் தாண்டியும் எனக்கு ஒட்டவில்லை. பாதியில் விடலாமா?
இல்லத்தரசி, நாகர்கோவில்

விடலாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கென்று ஐந்து விதிகளை 1931-ல் எழுதினார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், அந்த நாவலுக்கான வாசகர் இப்போதைக்கு நீங்கள் இல்லை, அவ்வளவுதான். விற்றுவிட வேண்டாம். பத்து வருடம் கழித்து ஒட்டலாம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

*

சங்க இலக்கியம் படிக்க ஆசை. புத்தகத்தைத் திறந்தால் ஒரு சொல் புரியவில்லை. உரையைப் படித்தால் உரைக்கு உரை வேண்டியிருக்கிறது. எங்கே தொடங்க?
வங்கி ஊழியர், ஓசூர்

குறுந்தொகையில் தொடங்குங்கள். பாட்டுகள் நாலடியிலிருந்து எட்டடி வரைதான். நாலு வரியை ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். வங்கியில் கூட்டம் குறையும் நேரத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம்.

முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 28-ஆம் பாட்டு, ஔவையார் பாடியது, அதை எடுங்கள். 'முட்டுவேன்கொல், தாக்குவேன்கொல்' என்று ஆரம்பிக்கும். ஐந்தே அடி. ஊரெல்லாம் தூங்குகிறது, ஒருத்திக்கு மட்டும் தூக்கம் இல்லை. அவள் வேதனை தெரியாமல் தூங்குகிற அந்த ஊரை முட்டட்டுமா, தாக்கட்டுமா, 'ஆ' என்று கத்தட்டுமா என்கிறாள். இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அந்த 'முட்டு', 'தாக்கு' என்ற சொற்கள் வாயில் மோதும்போதே பாதி அர்த்தம் வந்துவிடும். மீதிக்கு உரை. உ.வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகையில் பதவுரை, விளக்கம் எல்லாம் அவரே எழுதியிருக்கிறார். பொறுமையாகப் படித்தால் அதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது.

'நான் இவ்வளவு நாள் படித்ததெல்லாம் வீணா?' என்று கடிதத்தின் கடைசியில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். சாமிநாதையரே அந்த இடத்தில் நின்றிருக்கிறார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று மலைமலையாகப் படித்தவர். அந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனபோது, என்னவெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். இவர் பட்டியல் போடுகிறார். முதலியார் அசரவில்லை. இதெல்லாம் படித்து என்ன பயன், பழைய நூல்கள் படித்ததுண்டா என்று கேட்டு, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயர்களைச் சொல்கிறார். அதுவரை இவர் அவற்றைப் படித்ததில்லை. அவமானம் என்று திரும்பி வராமல், சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்தார். ஏழு ஆண்டு உழைத்து 1887-ல் அச்சில் கொண்டுவந்தார். 'என் சரித்திரம்' நூலில் இதை அவர் எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள். முன்னே படித்த அந்தாதிகள் அவருக்கு வீணாகவில்லை. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் கரையான் அரித்த ஏட்டில் சீர் எங்கே பிரிகிறது, அடி எங்கே விடுபட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

*

மொழிபெயர்ப்பு நூல்களைப் படித்தால் நம் தமிழ் கெட்டுவிடும் என்று நண்பர் சொல்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
ஜவுளிக்கடை மேலாளர், சேலம்

மோசமான மொழிபெயர்ப்பைப் படித்தால் கெடும். மோசமான தமிழ் நாவலைப் படித்தாலும் கெடும்.

என் முதல் சம்பளத்தில் வாங்கிய புத்தகம் மாஸ்கோவில் அச்சானது. 'புத்துயிர்ப்பு'. ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்தது. டால்ஸ்டாய் என்று நாம் சொல்வதை அட்டையில் 'லேவ் தல்ஸ்தோய்' என்று போட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த புத்தகங்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் கிடைக்கும். கெட்டி அட்டை, தைத்த பைண்டிங், நல்ல தாள். விலையோ எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டுகிற விலை. அச்சகத்தில் இருந்தவள் என்பதால் முதலில் பைண்டிங்கைத்தான் பிரித்துப் பார்த்தேன். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது, ஒரு ஃபாரம்கூடக் கழன்று வரவில்லை. 1991-ல் சோவியத் நாடு கலைந்த பிறகு அந்த வரத்து நின்றுபோனது. அது எங்கள் தலைமுறைக்குப் பெரிய இழப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் நண்பருக்குக் கொடுக்க நான் வேறொன்றைத்தான் எடுப்பேன். வங்காளத்தில் தாராசங்கர் பந்தோபாத்யாய எழுதிய 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரஸ்வாமி தமிழில். நாடி பிடித்தே ஒருவருக்கு மரணம் நெருங்கிவிட்டதா என்று சொல்லத் தெரிந்த நாட்டு வைத்தியர் ஒருவர். ஊருக்கு ஆங்கில வைத்தியம் படித்த இளம் டாக்டர் வருகிறார். இவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கிழவர் தன் சொந்த மகனின் நாடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடம் வரும்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அதில் தமிழ் கெட்டிருக்கிறதா என்று நண்பரைச் சொல்லச் சொல்லுங்கள்.

*

பதினாறு வருடமாக அரசுப் பேருந்தில் நடத்துநர். கதை எழுதுகிறேன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜோடியைப் பற்றி இதுவரை நான்கு கதை ஆரம்பித்தேன். எல்லாம் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுகின்றன. 43 வயதில் எழுத வந்தது தவறா?
திண்டுக்கல்

வயதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மேலே சொன்ன கி. ராஜநாராயணன் முப்பது வயதுக்கு மேல்தான் எழுத வந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. உங்கள் வயது தடையே இல்லை.

தடை அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி. நீங்கள் அனுப்பிய மூன்று பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அவர்கள் ஆபீசில் 'வேலை செய்தார்கள்' என்று நான்கு இடத்தில் இருக்கிறது. என்ன வேலை? அவன் காலையில் போய் உட்கார்ந்ததும் முதலில் கை எங்கே போகும்? பக்கத்து நாற்காலிக்காரன் எதற்காக எரிச்சல்படுவான்? உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் மூன்றாம் பக்கத்தில் அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

ஆனால் அதே கடிதத்தின் பின்பக்கம் நீங்கள் யோசிக்காமல் எழுதிய ஒரு பத்தி இருக்கிறது. கடைசி டிரிப்பில் ஒரு பாட்டி தினமும் ஒரே ஸ்டேஜில் ஏறுவார், மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாலும், 'சும்மா வந்தா ஒரு மாதிரியா இருக்குய்யா' என்று ஒரு கொய்யாவை உங்கள் பைமேல் வைத்துவிட்டு இறங்குவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொய்யாவை வீட்டுக்கு எடுத்துப் போவீர்களா, டிரைவருக்குக் கொடுப்பீர்களா? அந்தப் பாட்டி வராத நாளில் அந்த ஸ்டேஜில் விசில் கொடுக்க எவ்வளவு நேரம் தாமதித்தீர்கள்? இதுதான் ஐயா கதை. உங்கள் கையிலேயே இருக்கிறது.

தெரியாத உலகத்தை எழுதவே கூடாது என்று சொல்ல மாட்டேன். எழுதலாம், ஆனால் போய்ப் பார்க்க வேண்டும். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்கு அந்த உப்பளங்களுக்கே போய், அங்கே வேலை செய்பவர்களோடு பேசிப் பழகி எழுதினார். நீலகிரியின் படகர்களைப் பற்றிய 'குறிஞ்சித்தே'னுக்கும் அப்படித்தான். உங்களுக்கு விடுப்பு கிடைப்பதே கஷ்டம். பதினாறு வருடம் நீங்கள் போய்ப் பார்த்த இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது, அதை முதலில் எழுதுங்கள்.

எழுதும்போது உங்கள் தொழில் சொற்களை மாற்றாதீர்கள். 'பயணச்சீட்டு வழங்கும் கருவி' என்று எழுதியிருக்கிறீர்கள். பேருந்தில் அதை அப்படிச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? 'டிக்கெட் மிஷின்' என்றே எழுதுங்கள். சில்லறைத் தகராறில் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே கதையில் வருகிற நடத்துநரும் சொல்லட்டும்.

அந்தப் பாட்டி கதையை முடித்து எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டுக் கட்டாயம் பதில் எழுதுவேன்.

*

எங்கள் ஊர்ப் பேச்சை அப்படியே உரையாடலில் வைத்தால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்று ஒரு பத்திரிகையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
ஆசிரியப் பயிற்சி மாணவர், தென்காசி

சொல் புரியாவிட்டாலும் இடம் புரிந்தால் போதும். ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் ஆள் என்ன செய்கிறான் என்று காட்டிவிட்டால் வாசகர் தானே பிடித்துக்கொள்வார். ஒரே பத்தியில் ஐந்து வட்டாரச் சொற்களை அடுக்கினால்தான் மூச்சு முட்டும். அடைப்புக்குறிக்குள் விளக்கம் போடாதீர்கள், அது பேசுகிறவனை நடுவில் நிறுத்தி வைக்கிற வேலை. கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று கி.ரா. ஓர் அகராதியே தொகுத்தார். உங்கள் பகுதிச் சொற்களை நீங்களும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் ஆச்சி இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.

*

ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது? இலக்கணப் புத்தகத்தில் விதிகளைப் படித்துக் குழம்பிவிட்டேன்.
ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்

விதிகள் அவசியம்தான். ஆனால் நான் விதி படிக்குமுன் காதால்தான் கற்றேன். 'அந்தப் பையன்' என்று சொல்லுங்கள். நாக்கு தானாக அழுத்தும். 'வந்த பையன்' என்று சொல்லுங்கள். அங்கே 'ப்' சேர்த்தால் நாக்கு ஒத்துக்கொள்ளாது. 'படித்துப் பார்த்தான்' என்பதில் அழுத்தம் இருக்கிறது, 'வந்து பார்த்தான்' என்பதில் இல்லை. 'ஊருக்குப் போனான்', 'புத்தகத்தைக் கொடுத்தான்' என்று கு, ஐ உருபுகளுக்குப் பின்னால் சந்தேகமே வேண்டாம், மிகும்.

ஒற்றில் அலட்சியம் காட்டினால் அர்த்தமே மாறும் என்பதற்கு ஐயா எனக்கு முதல் வாரத்தில் சொன்ன உதாரணம்: 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்கிறோம்.

அகராதி ஒன்று மேஜையில் இருக்கட்டும். 1992-ல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைச் சிபாரிசு செய்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் வாக்கியம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்த உதாரண வாக்கியங்களைப் படித்தாலே ஒற்று பாதி வந்துவிடும்.

*

மகனுக்குப் பத்து வயது. ஃபோனைத் தவிர எதையும் தொடுவதில்லை. புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அப்படியே கிடக்கிறது.
ஒட்டன்சத்திரம்

வாங்கிக் கொடுக்காதீர்கள் அம்மா, படித்துக் காட்டுங்கள். ராத்திரி படுக்கும்போது பத்தே நிமிடம். கதை சுவாரசியமாக ஒரு கதவு திறக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். புத்தகத்தை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். என் மகளுக்கு நான்காம் நாளே பொறுக்கவில்லை, தெரு விளக்கு வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மீதியைப் படித்துக்கொண்டிருந்தாள். உங்கள் மகனுக்கு நாற்பது நாளாகலாம். நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, கிளை நூலகத்தில் அவன் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுங்கள். உங்கள் அட்டையில் அவனுக்கு எடுத்துக் கொடுப்பது வேறு, அவன் பெயர் எழுதிய அட்டை வேறு. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆக அது நம் பணத்தில் நடக்கிற இடம். மதுரைப் பக்கம் வந்தால் நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டி வாருங்கள். குழந்தைகள் பிரிவில் விட்டுவிட்டு நீங்கள் தள்ளி உட்காருங்கள். எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், அவனே எடுக்கட்டும். படக்கதைதான் எடுத்தான் என்றால் அதுவும் புத்தகம்தான்.

*

புத்தக விலை கட்டுப்படியாகவில்லை. இலவசமாக, திருட்டுப் பிரதி இல்லாமல், படிக்க வழி உண்டா?
தனியார் நிறுவனக் காவலாளி, ஆவடி

நிறைய உண்டு. தமிழக அரசு 1949-ல் பாரதியாரின் எழுத்துகளில் தொடங்கி, ஏராளமான எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. கல்கியும் புதுமைப்பித்தனும் அதில் அடக்கம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும். 1998-லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்து வரும் மதுரைத் திட்டத்திலும் பார்க்கலாம். ஈழத்து நூல்கள் வேண்டுமென்றால் 'நூலகம்' தளம். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் சுமார் 97,000 நூல்கள் போயின. ஒரு பிரதியோடு ஒரு நூல் அழிந்துவிடக் கூடாது என்ற வலி தெரிந்தவர்கள் ஒவ்வொரு பக்கமாக மின்வடிவில் சேர்க்கிறார்கள். இரவுப் பணியில் ஃபோனில் படிக்கும்போது எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள், கண் முக்கியம்.

*

எழுதியதை எத்தனை முறை திருத்த வேண்டும்? இத்தனை வருட அனுபவத்தில் உங்கள் கண்ணிலிருந்து தப்பிய பிழை ஏதாவது உண்டா?
கவிதை எழுதும் மாணவி, காரைக்குடி

உண்டு. நான் தனியாகப் புரூஃப் பார்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், சேர்த்து வைத்த பணத்தில் தன் கவிதைகளை 500 பிரதி போட வந்தார். ஒவ்வொரு பாட்டையும் மூன்று தடவை பார்த்தேன். ஒரு காற்புள்ளிகூட விடவில்லை. பைண்டிங் முடிந்து அவர் கையில் முதல் பிரதியைக் கொடுத்தோம். அவர் சமர்ப்பணப் பக்கத்தைத் திறந்தார். இறந்துபோன அவர் மனைவியின் பெயர், பெரிய எழுத்தில், பக்கத்தின் நடுவில். கடைசி எழுத்து 'ள்' இருக்க வேண்டிய இடத்தில் 'ன்'.

எப்படி வந்தது என்று பிறகுதான் புரிந்தது. பழைய வேலை முடிந்து எழுத்துகளைப் பிரித்து, அறை அறையாக இருக்கும் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் போடும்போது, பெரிய எழுத்துக் கேஸில் ஒரு 'ன்' தவறுதலாக 'ள்' அறையில் விழுந்திருக்கிறது. கம்பாசிட்டர் கை பழக்கத்தில் எடுத்துக் கோத்துவிட்டார். நான் பார்க்காமல் விட்டதற்குக் காரணம் வேறு. அந்தப் பக்கத்தில் மூன்றே வரி. அதில் என்ன பிழை இருக்கப் போகிறது என்று கண் தாண்டிவிட்டது. பொடி எழுத்தில் பிழை தேடுகிற கண், பெரிய எழுத்தை ஒரு படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிடும். எழுத்தெழுத்தாகப் பார்க்காது.

அவர் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயரை மட்டும் தனியாக அச்சடித்து, சின்னச் சின்னச் சீட்டாக வெட்டி, 500 பிரதியிலும் மைதாப் பசையால் ஒட்டினோம். இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் அவர் எங்களோடு தரையில் உட்கார்ந்து ஒட்டினார். வேண்டாம் ஐயா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். 'அவ பேரை நான்தானேம்மா ஒட்டணும்' என்றார்.

அதனால் எத்தனை முறை என்று எண்ணிக்கை சொல்லத் தெரியவில்லை, எப்படி என்று சொல்கிறேன். எழுதிய அன்றைக்கே திருத்தாதே. மூன்று நாள் அலமாரியில் போட்டுவை. எடுத்ததும் முதலில் தலைப்பைப் பார், பிறகு பெயர்களை, பிறகு தேதிகளை, ஒவ்வொரு எழுத்தாக. அப்புறம் கடைசி வரியிலிருந்து மேலே வா. அர்த்தம் இழுத்துக்கொண்டு போகாததால் எழுத்து மட்டும் கண்ணில் படும். கடைசியாக ஒரு தோழியை எதிரே உட்கார வைத்து, மூலத்தை அவள் கையில் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல். அவள் எந்த இடத்தில் தடுக்கி மறுபடி ஆரம்பிக்கிறாளோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போடு.

அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியை அவர் எனக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதில் மட்டும் சீட்டை ஒட்ட வேண்டாம் என்று கேட்டு வாங்கினேன். இப்போதும் அது அகராதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.